தொய்வாகத் தொங்கிய கயிறு

கல்யாண மண்டபத்து உத்தரத்தில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைச் சங்கிலி தாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஓர் இரும்புக் கயிறு, அதே பெட்டியில் மாட்டியிருந்தும் தொய்வாகத் தொங்கியது. அதைப் பார்த்தாலே சங்கிலிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏண்டா தண்டச்சோறு, நீயும் ஒரு கை பிடிச்சா தேய்ஞ்சா போயிடுவே?"

"தொய்வா இருன்னுதான் என்னை மாட்டிட்டுப் போனாங்கண்ணே."

"சும்மா இருக்கிறதெல்லாம் ஒரு வேலையாடா?"

ஏன் அப்படி மாட்டினார்கள் என்பது சங்கிலிக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஒரு முகூர்த்தத்தன்று மேளம் முழங்கிய அதிர்வில் சங்கிலியின் கண்ணி ஒன்று வாய் பிளந்தது. நேர் கீழே பந்தியில் ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போச்சு என்று சங்கிலி கண்ணை மூடிக்கொண்டது.

பெட்டி ஒரு சாண் இறங்கி, நின்றுவிட்டது. கயிறு விறைத்து அதைப் பிடித்திருந்தது. கீழே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒருவர் ரசத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சங்கிலி பாரமில்லாமல் காற்றில் ஆடியது. தான் விழுந்துவிட்டோமா, இன்னும் தொங்குகிறோமா என்றே அதற்குப் புரியவில்லை.

"பயப்படாதீங்கண்ணே, ஆள் வர்றவரைக்கும் நான் பிடிச்சுக்கிறேன்," என்றது கயிறு.

சங்கிலி அதை மேலும் கீழும் பார்த்தது.

"இவ்வளவு பலத்தை வச்சுக்கிட்டாடா இத்தனை நாளா சும்மா தொங்கினே?"