வளைவிலேயே கேட்கணும்

"வண்டி வர்றது தெருவுக்கே தெரியணும். அப்படி ஒரு சத்தம் வேணும்."

மெக்கானிக் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தான். பேசினவன் மீசை அரும்பும் வயசுக்காரனாக இருப்பான் என்று நினைத்து வெளியே வந்தால், எதிரே நின்றவருக்கு மீசை முழுக்க நரைத்திருந்தது.

பெரியவர் கையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே வளைந்த அலுமினியக் குழாய், முனையில் சிவப்பாக ஒரு கூம்பு ஃபில்டர்.

"சார், இது டர்போ வண்டி. கம்பெனி போட்ட ஏர் ஃபில்டர் டப்பாவே போதும். இதை மாட்டினா பவர் பெரிசா ஏறாது. உஸ்ஸு உஸ்ஸுன்னு மூச்சு வாங்குற சத்தம்தான் ஏறும்."

"அந்தச் சத்தம்தாம்பா வேணும்."

இந்த வயசில் இவருக்கு எதற்கு இந்த ஆட்டம் என்று தோன்றியது. வாதாடத் தெம்பில்லை. அவன் சரியாகத் தூங்கி நாலு நாளாயிற்று. அண்ணி ஆஸ்பத்திரியில். அவனும் அண்ணனும் ராத்திரி பூரா அங்கே பெஞ்சில்தான் குடித்தனம்.

அவனாவது நடுவில் காருக்கு அடியில் படுத்துக்கொள்ளலாம். அண்ணன் விடிந்ததும் நேரே குடோன் கேட்டுக்கு ஓடவேண்டும். வாட்ச்மேன் வேலை. மதியம் சாப்பாடு இறங்கியதும் கண் தானாகச் சொக்கிவிடுகிறது. ரெண்டு தரம் மாட்டிக்கொண்டான். மூணாந்தரம் மாட்டினால் வேலை காலி.

"சூப்பர்வைசர் மனுஷன் இல்லடா, பூனை," என்று நேற்றுத்தான் அண்ணன் புலம்பினான். "கொசு வந்தாக்கூட எனக்குக் கேக்கும். அந்த ஆளு கார் மூக்குமேல வந்து நின்னாலும் கேக்க மாட்டேங்குது."

மெக்கானிக் பெரியவர் வண்டியின் பானட்டைத் திறக்கப் போனான். முன்கண்ணாடி மூலையில் ஒரு பாஸ் ஒட்டியிருந்தது. அண்ணன் வேலை பார்க்கும் அதே குடோன். கீழே, 'சூப்பர்வைசர்'.

தூக்கம் போன இடம் தெரியவில்லை.

"சார் தினம் ரவுண்டு போவீங்களோ?"

"மூணு மணிக்கு. ஒரு நாள் தப்ப முடியாது."

மெக்கானிக் ஸ்பானரை எடுத்தான். பழைய டப்பாவைக் கழற்றினான். புதுக் குழாயைப் பொருத்தினான். டர்போ வாயில் ரப்பர் ஹோஸைச் செருகினான். அதை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பை முறுக்கும்போது கை நின்றது.

ரெண்டு சுற்று குறைத்து விட்டால் போதும். இன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாலு நாள் மண் ரோட்டில் ஓடினால் ஹோஸ் நழுவும், வடிகட்டாத தூசி உள்ளே போகும், டர்போ பல்லிளிக்கும். வண்டி படுத்தால் ரவுண்டும் படுக்கும். அண்ணி வீடு திரும்புகிற வரைக்குமாவது அண்ணன் பிழைத்துக்கொள்வான்.

ரெண்டு சுற்று குறைத்தே விட்டான். பானட்டை மூடினான்.

"ஸ்டார்ட் பண்ணி மிதிங்க சார்."

பெரியவர் மிதித்தார். ஆயிரம் பாம்புக்கு ஒரே நேரத்தில் சளி பிடித்த மாதிரி ஒரு சீறல். தெருமுனை நாய் எழுந்து குரைத்தது. எதிர்க்கடைத் தையல்காரர் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டு கத்தினார்.

பெரியவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பே வந்தது. "இருநூறு அடி தள்ளிக் கேக்குமா?"

"செத்தவனே எழுந்து உக்காருவான் சார்."

"செத்தவன் வேண்டாம்பா. தூங்குறவன் எழுந்தாப் போதும்."

கை துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் அப்படியே நின்றான். "புரியலையே சார்."

"என் பழைய ஜீப்பு இருந்துச்சே, கேட்டுக்கு முன்னாடி வளைவுல திரும்புறப்பவே தகர டப்பா உருண்ட மாதிரி கேக்கும். வாட்ச்மேனுங்க எல்லாம் எழுந்து முகத்தைத் துடைச்சுட்டு நிப்பாங்க. அவங்க தூங்கலை, நான் எதையும் பாக்கலை. இருபது வருஷம் இப்படியே ஓட்டிட்டேன்."

"அப்புறம்?"

"ஜீப்பு உக்காந்துடுச்சு, இதை வாங்கித் தொலைச்சேன். ஓடுதா நிக்குதான்னு ஓட்டுற எனக்கே தெரியலை. அதோட ஹெட் ஆபீஸ்ல இருந்து ஒரு பையன், மடியில நோட்டோட பக்கத்து சீட்டுல வந்து உக்காந்துக்கறான். ஹாரன் அடிச்சா 'எதுக்கு சார்'ங்கறான். கண்ணு முன்னாடி ஒருத்தன் தூங்கினா நான் எழுதித்தானே ஆகணும்?"

பெரியவர் பெருமூச்சு விட்டார். அந்தச் சத்தத்துக்கு வண்டியின் சத்தமே தேவலாம்.

"ஒருத்தர் ரெண்டு தரம் மாட்டிட்டாருப்பா. வீட்டம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்களாம். நாளைக்கு மூணு மணிக்கு மறுபடி அந்தக் கேட்டுக்குத்தான் போகணும். வளைவுலேயே கேக்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

வண்டி நகர்ந்தது. மெக்கானிக் ஓடிப்போய் குறுக்கே நின்றான்.

"நிறுத்துங்க சார்! பானட்டைத் திறங்க!"

"ஏம்பா? நல்லாத்தானே சீறுது?"

மெக்கானிக் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒண்ணுமில்ல சார்... ஒரு கிளாம்பை டைட் பண்ணாம விட்டுட்டேன். நாலு நாளா தூக்கமில்ல. கொஞ்சம் கண்ணசந்துட்டேன் போல."

பெரியவர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சரி, முடிச்சுட்டுச் சொல்லு. நான் எதையும் பாக்கலை."