நோயாளியின் கையெழுத்து

வீட்டின் முதல் பட்டதாரி என்பதால், அம்மாவின் ஆஸ்பத்திரிப் படிவங்களில் நோயாளியின் கையெழுத்தையும் மகளே போட்டு வந்தாள். இன்று காப்பீட்டு அனுமதி வராவிட்டால் டயாலிசிஸ் கிடையாது.

"உங்கம்மா செவ்வாய்க்கிழமையே டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்களே," என்றார் கவுண்டர்க்காரர்.

"அப்ப மேல படுத்திருக்கிறது யாரு சார், உங்க மாமியாரா?"

பழைய ரசீதுகளைத் தம்பியிடம் கேட்க வீட்டுக்குப் போன் போட்டாள். அம்மா எடுத்தாள்.

"நான் வந்து நாலு நாளாச்சேடி. உன்னைத்தான் விடமாட்டேங்கிறாங்களாம். சாப்பிட்டியா?"

மகள் மாடிக்கு ஓடினாள். கட்டில் காலியாக இருந்தது. விரிப்பை மாற்றியிருந்தார்கள்.

"எங்க போயிட்டே? அனுமதி வந்துடுச்சு, மிஷின் ரெடி. கையை நீட்டும்மா," என்றாள் நர்ஸ்.

மகள் கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே பழைய ஊசித் தழும்புகள் வரிசையாக இருந்தன.