வார்டுக்கு ஒரு தாய்மாமன்

"மாமன்காரன் எங்கப்பா?" என்று பத்தர் கேட்டதும், "ஆங், இதோ" என்று ஒரே சமயத்தில் மூன்று குரல்கள்.

சின்ன வயதில் தனக்குக் காது குத்தியபோது தேவகி கேட்ட சத்தம் அது. யார் மடியில் குழந்தை உட்காருவது என்று மூன்று மாமன்கள் போட்ட சண்டை. குத்திய வலி மறந்துவிட்டது. அந்தக் குரல்கள் மறக்கவில்லை.

இப்போது அவள் மகளுக்குக் காது குத்த வேண்டும். தேவகிக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.

"மாமன் எங்கேன்னு பத்தர் கேட்டா, எங்க ஆளுங்க முன்னாடி நான் எங்கடி மூஞ்ச வச்சிக்கிறது?" என்றாள் மாமியார் ஜம்பகம். "பொண்ணு எடுக்கும்போதே பாத்திருக்கணும். ஒத்தப் பொண்ணு, நகை நல்லா போடுவாங்கன்னு உன் மாமனார்தான் சொன்னாரு."

மறுநாள் காலை தேவகி கவுன்சிலர் டில்லிபாபு வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நான் இருக்கும்போது உனக்கு அண்ணன் இல்லன்னு எவன் சொன்னது?" என்றார் டில்லிபாபு. "எந்த மண்டபம், எத்தினி மணி, அத மட்டும் சொல்லு. சீரோட வந்துர்றேன்."

வார்டில் இது அவருக்கு வாடிக்கை. சாக்கடை அடைத்துக்கொண்டால் ஆள் அனுப்புவதாகச் சொல்வார். தெருவிளக்கு எரியாவிட்டால் சொல்லிவைப்பதாகச் சொல்வார். காதுகுத்து என்றால் மட்டும் நேரில் வந்துவிடுவார்.

மடியில் உட்காரும் குழந்தை வளர்ந்து ஓட்டுப் போடும் என்ற கணக்கு அவருக்கு, என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவர்களும் அடுத்த தெருவில் யாராவது ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

கிருத்திகையன்று மலையடிவாரத்து மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். தேவகியின் முறை வந்தபோது வாசலில் பட்டாசு வெடித்தது. தட்டுத் தட்டாகச் சீரோடு டில்லிபாபு உள்ளே வந்தார்.

ஜம்பகம் தன் சொந்தக்காரர்களைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க மருமகளுக்குக் கூடப்பொறக்காத அண்ணன்" என்றாள், யாரும் கேட்காமலே.

குழந்தை அவர் மடியில் உட்கார்ந்தது. பத்தர் ஊசியை எடுத்தார். குழந்தை வீறிட்டது.

"அண்ணே, இந்தப் பக்கம் பாருங்க" என்றான் போனைத் தூக்கிப் பிடித்திருந்த நாகேஷ், அவருடைய வலது கை. "கொழந்த அழுவட்டும், நீங்க சிரிங்க."

அவர் சிரித்தார்.

"பேரு இன்னாண்ணே போடறது?"

"மருமகள்னு போடுறா. எல்லாத்துக்கும் அதான போடறோம்."

தேவகிக்குக் கண் கலங்கியது. போட்டோவுக்கோ ஓட்டுக்கோ, எதற்காக இருந்தால் என்ன? இன்றைக்கு அவள் தலை நிமிர்ந்து நின்றாள்.

அடுத்து வந்தவள் ஒல்லியான பெண். இடுப்பில் ஆண் குழந்தை. பக்கத்தில் கணவன் மட்டும். வேறு உறவு யாருமில்லை.

"மாமன்காரன் யாரும்மா?" என்றார் பத்தர்.

அவள் தரையைப் பார்த்தாள். "யாரும் வரலீங்க."

பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். தேவகிக்குப் பொறுக்கவில்லை. கிளம்பிக்கொண்டிருந்த டில்லிபாபுவிடம் ஓடினாள்.

"அண்ணா, பாவம், அந்தப் பொண்ணுக்கும் மாமன் இல்லியாம். ஒரு நிமிஷம் நீங்க உக்காந்தீங்கன்னா..."

டில்லிபாபு திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று போனைக் காதில் வைத்தார். "இன்னாது? பைப்பு ஒடஞ்சிடுச்சா? தோ வந்துகினே இருக்கேன்."

பைப்பு உடைந்ததற்காக அவர் ஓடி தேவகி பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தேவகி வீட்டாரை ஆட்டோவில் ஏற்றி வந்த சத்தார், தூணில் சாய்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

"பாய், உங்களுக்குத் தங்கச்சிங்க இருக்காங்களா?"

"நாலு பேரும்மா. ஏன் கேக்கற, நாலு பேரும் நாலு கட்சி."

"அவங்க பசங்கள மடியில வச்சிருக்கீங்களா?"

"எறக்கி வுட்டாத்தானே."

"அப்ப வாங்க."

சத்தார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பத்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒல்லிப் பெண்ணின் கணவனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான்.

"ஆடாம புடிச்சிக்கணும் பாய், அவ்ளோதான்" என்றார் பத்தர்.

குழந்தை அழுதது. கூடவே சத்தாரின் முகமும் கோணியது. யாரும் படம் எடுக்கவில்லை.

தேவகி தன் தட்டிலிருந்து வெற்றிலை பாக்கும் பழமும் எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். "உன் பேரு இன்னாம்மா?"

"சாய்லக்ஷ்மிக்கா. அம்மையார்குப்பம். இவரு அங்க தறி ஓட்றாரு. வூட்ல பாத்த மாப்பிள்ளைய வேணாம்னுட்டு இவரக் கட்டிகினேன்."

"கவுன்சிலர் அண்ணனத் தப்பா நெனக்காத. அவசர வேல வந்துடுச்சு. இல்லன்னா கண்டிப்பா உக்காந்திருப்பாரு, மனசு தங்கம்." தேவகி குழந்தையின் காதில் ஊதிவிட்டாள். "உனக்கும் என்ன மாதிரிதானா? கூடப்பொறந்தவங்க யாருமில்லியா?"

"ஒரு அண்ணன் இருக்காருக்கா" என்றாள் சாய்லக்ஷ்மி. "இப்பதான் உங்க கொழந்தைய மடியில வச்சினு இருந்தாரு."

அடுத்த தேர்தலிலும் டில்லிபாபுதான் ஜெயித்தார். போன முறையைவிட அதிக ஓட்டு.