கண் சிமிட்டும் பெட்டி

"பெட்டி பாக்குது. முதல்ல அந்த ஃபேனை நிறுத்துங்க" என்றார் சூப்பர்வைசர், பெட்டிக்குக் கேட்டுவிடாத குரலில்.

சலவைக்கூடத்துச் சுவரில், டிரையர்களுக்கு மேலே, டிபன் டப்பா அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. அதன் பச்சை விளக்கு மூன்று நொடிக்கு ஒரு முறை சிமிட்டியது. ஃபேன் நின்றது. பதினான்கு பேரும் வேர்வையில் குளித்தார்கள்.

ஹோட்டல்களின் விரிப்புகளும் துண்டுகளும் வெளுக்கிற இடம் அது. கரண்ட் பில் ஏறிக்கொண்டே போனதால், எங்கே வீணாகிறது என்று பார்த்துச் சொல்ல முதலாளி ஓர் ஆடிட்டரை வரவழைத்திருந்தார். திங்கட்கிழமை வந்தவர் அறைக்கு ஒரு பெட்டியாக ஒட்டிவிட்டு, "இதைத் தொடாதீங்க, சனிக்கிழமை வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி சொன்னது கொஞ்சம் நீளம். "செலவைக் குறைக்க வழி இருக்குன்னு அவர் எழுதிக் குடுத்தா சரி. இல்லேன்னா மாலை ஷிப்டை மூடறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியலப்பா."

மாலை ஷிப்டின் பதினான்கு பேரில் ஒருத்திதான் இஸ்திரி அக்கா. கூடத்துக்கெல்லாம் அக்கா, சூப்பர்வைசருக்கு மட்டும் சொந்தத் தங்கை. அவளுடைய இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்த வேலையில்தான் ஓடியது.

அன்று முதல் சூப்பர்வைசர் குட்டி போட்ட பூனையாக அலைந்தார். டிரம் நிறையாமல் டிரையர் ஓடக் கூடாது. துணி இல்லாத நேரத்தில் அயர்ன் பாக்ஸ் சூடாக இருக்கக் கூடாது. டீ குடிக்கப் போனவரைத் தெருவரை துரத்திப் போய், "சுவிட்சை அணைச்சீங்களா?" என்று கேட்டார். பாத்ரூமில் இருந்த ஒரு புண்ணியவான் இருட்டில் மாட்டிக்கொண்டதும் அந்த வாரம்தான்.

புதன்கிழமை, பெட்டியில் படிந்த பஞ்சுத் தூசியைத் துடைக்கப் போன அக்காவின் கையோடு பெட்டியே வந்துவிட்டது.

"என்னண்ணே, தீப்பெட்டி மாதிரி கனமே இல்ல. ஒரு ஒயரைக்கூடக் காணோம்."

"இப்பல்லாம் ஒயர் இல்லாமலே அளக்கறாங்கம்மா. இருந்த எடத்துலயே ஒட்டு" என்று பதறினார் அண்ணன்.

சனிக்கிழமை மாலை நான்கு மணி. ஆடிட்டர் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அக்கா மெல்ல ஆரம்பித்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. ஆறு நாளா சிக்கனமா ஓட்டிட்டோம். பெட்டியும் அதைத்தானே எழுதியிருக்கும்? இங்க குறைக்க இனி ஒண்ணுமே இல்லேன்னு அவர் சொல்லிட்டா?"

சூப்பர்வைசர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். நல்ல பேர் வாங்குகிற அவசரத்தில் தங்கையின் சோற்றில் தானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டார். அந்த நினைப்பில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த நிமிடம் எல்லா சுவிட்சுகளையும் தட்டிவிட்டார். மூன்று டிரையர்களும் காலியாகவே உருண்டன. அயர்ன் பாக்ஸ்கள் சும்மா கொதித்தன. வெயில் கொட்டுகிற சன்னலுக்குப் பக்கத்தில் ட்யூப்லைட்டுகள் எரிந்தன. பெட்டியின் முன்னால் நின்று, "எழுதிக்கோ, நல்லா எழுதிக்கோ" என்று கெஞ்சினார்.

"யாருக்கு சார் இந்த டிரையர் ஓடுது? உள்ள துணியே இல்லையே."

திரும்பினால் வாசலில் ஆடிட்டர். முன்னதாகவே வந்துவிட்டிருந்தார்.

சூப்பர்வைசருக்குப் பொய் சொல்லவும் தெம்பில்லை. "சார், எங்க வழக்கமே இதுதான். இந்த ஆறு நாளும் நாங்க போட்டது வேஷம். பெட்டிக்குப் பயந்து செஞ்சது. அதை நம்பி, இங்க குறைக்க வழியில்லேன்னு எழுதிடாதீங்க. பதினாலு குடும்பம் சார்."

ஆடிட்டர் போய் டிரையர்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். கூடம் அமைதியானது.

"உங்க வழக்கம் எனக்குத் தெரியும் சார். முதலாளிகிட்ட மட்டும் சொல்லி மெயின் போர்டுல மீட்டர் மாட்டி, போன மாசம் பூரா அளந்தாச்சு. இந்த வாரமும் அதே மீட்டர்தான் அளந்துச்சு. நாலுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு. வழி இருக்குன்னு முதலாளிக்குக் காலையிலயே எழுதிக் குடுத்துட்டேன். மாலை ஷிப்ட் ஓடும்."

அக்கா கையில் இருந்த துண்டிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இந்தப் பெட்டி எதை சார் அளந்துச்சு?"

ஆடிட்டர் அதைக் கழற்றவில்லை. கட்டைவிரலால் இன்னும் கொஞ்சம் அழுத்தி ஒட்டிவிட்டு, சூப்பர்வைசரின் காதருகே குனிந்தார்.

"அதுல லைட்டைத் தவிர ஒண்ணும் இல்ல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."