மண் வாய்

பீளமேட்டிலிருந்து சிற்பம் பார்க்க வந்த மானசா, உடுமலைப் பக்கத்துப் பழைய பெருமாள் கோயிலின் மதில் ஓரத்திலேயே நின்றுவிட்டாள். அங்கே மண்ணில் செய்த பசு, கன்று, கை, கால் எல்லாம் குவிந்து கிடந்தன.

"இதெல்லாம் என்னங்க்கா?" என்று கூடையோடு வந்த துளசிமணியைக் கேட்டாள்.

"உருவாரமுங்க அம்மணி. மாட்டுக்குச் சீக்கு வந்தா மாடு, கால் வலிச்சா கால், செஞ்சு வெக்கறதா வேண்டிக்குவோம்."

"நீங்க எதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

"அதா, அந்தக் காது என்னுதுதானுங்க. நான் கட்டிக்கிட்டு வந்தப்பவே எங்க மாமியாளுக்குக் காது சுத்தமாக் கேக்காது. போன வருசம் இங்க வேண்டிக்கிட்டுத்தான் ஆப்பரேசன் பண்ணுனோம். இப்ப மெல்லப் பேசினாக்கூடக் கேக்குதுங்க."

மானசா காதைப் படம் எடுத்துக்கொண்டாள். துளசிமணி கூடையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். உதடுகளை இறுக மூடிய ஒரு வாய்.

"இதுவும் மாமியாருக்கா? ரொம்பப் பேசறாங்களா?"

"சேச்சே, அவிங்க தங்கமானவங்க." துளசிமணி குரலைத் தாழ்த்தினாள். "இது எனக்குங்க கண்ணு. காது கேக்காதுன்னு இத்தன வருசமா அவிங்க முன்னாலயே வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிப் பழகிப்போச்சு. இப்ப நிறுத்தலாம்னா முடியலீங்க."

தூரத்தில் மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்த மாமியார் திரும்பாமலே சொன்னார்:

"அந்த வாயை இன்னுங் கொஞ்சம் பெருசாச் செய்யச் சொல்லியிருக்கோணும்."