தொண்ணூறாம் நாள்

"சனிக்கிழமை நான் வெளிக்கிடுறன், பிள்ளை. ரிக்கெற்றை மாத்தச் சொல்லிக் கஸ்பரைக் கரைச்சல் படுத்தாதை."

பாரிசிலிருந்து அம்மா தொலைபேசியில் இதைச் சொன்னபோது, லண்டன் லூயிஷாம் வீட்டுக் குசினியில் நின்ற கஜந்தினி அடுப்பை அணைத்தாள்.

"அம்மா, பாஸ்போர்ட் இண்டைக்குக் காலமைதான் கைக்கு வந்தது. திங்கட்கிழமை பிரெஞ்சு விசாவுக்குப் போறன். ஒரு கிழமை பொறுங்கோ. ஓடி வந்திடுவன்."

"எனக்குத் தந்த தொண்ணூறு நாளும் சனிக்கிழமையோடை முடியுது."

"ஒரு கிழமை கூட நிண்டால் ஆர் வந்து பிடிக்கப் போறாங்கள்? எத்தினை சனம் வருசக்கணக்கா நிக்குது!"

"நிக்கிறவை நிக்கட்டும். எனக்கு ஏலாது."

தாயும் மகளும் முகம் பார்த்து ஒன்பது வருடம். அம்மா கனகாம்பிகை ஊரிலிருந்து இரண்டு தடவை லண்டன் விசாவுக்கு விண்ணப்பித்தார். இரண்டு தடவையும் மறுத்துவிட்டார்கள். கடைசியில் கஸ்பர்தான் ஒரு வழி சொன்னான். கஜந்தினியின் இறந்துபோன அண்ணனோடு படித்தவன் அவன். "அம்மாவை நான் பாரிசுக்குக் கூப்பிடுறன். நீ ரெயிலேறி வந்து பார், தங்கச்சி" என்றான்.

அம்மா வந்தும் சேர்ந்தார். அந்த விசாவோடு அவர் ஜெர்மனிக்குப் போகலாம், ஹொலண்டுக்குப் போகலாம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் லண்டனுக்கு மட்டும் வர முடியாது. கஜந்தினியோ, லண்டன் விசாவை நீடிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் திரும்பி வரும்வரை கடலைத் தாண்ட முடியாது. அது வருவதற்குள் அம்மாவின் நாட்கள் கரைந்துவிட்டன.

பக்கத்தில் நின்ற இராஜேந்திரன் மெல்லச் சொன்னான். "வருத்தம் எண்டு டொக்டரிட்டைக் கடிதம் எடுத்தால் கொஞ்ச நாள் நீடிச்சுத் தருவினமாம். கேட்டுப் பாரன்."

கணவன் சொன்னதை அவள் அப்படியே தாயிடம் சொன்னாள்.

"நல்லா இருக்கிற என்னை ஏன் பிள்ளை நோயாளி ஆக்கிறாய்?" என்றார் அம்மா.

அடுத்த நாள் கஜந்தினி கஸ்பருக்கே போன் எடுத்தாள்.

"கஸ்பர் அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்களோ அம்மாவை அனுப்புறியள்? கூப்பிட்ட ஆள் எண்டு உங்களுக்குப் பிரச்சினை வரும் எண்டு பயமோ?"

கஸ்பர் குரலைத் தாழ்த்தினான்.

"நான் சொன்னால் அவ கேக்கிறா இல்லை, தங்கச்சி. நீயே கதைச்சுப் பார்."

"நடிக்காதேங்கோ!"

பட்டென்று வைத்தாள். அவனுடைய நம்பர் வந்தால் இனி எடுக்கக் கூடாது என்று இராஜேந்திரனிடமும் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை விமான நிலையத்திலிருந்து அம்மா கூப்பிட்டார்.

"உள்ளுக்குப் போகப் போறன், பிள்ளை. ஒருக்கா ஏதாவது கதை."

இரண்டு நாள் அடக்கி வைத்திருந்தது கஜந்தினியின் வாயில் வந்துவிட்டது. "என்னத்தைக் கதைக்க? பெத்த பிள்ளையை விட உங்களுக்குப் பாஸ்போர்ட்டில குத்திற சீல்தானே பெரிசு. போங்கோ. நல்லாப் போங்கோ."

கஜந்தினி தொலைபேசியை வைத்தாள்.

பிரெஞ்சு விசா அடுத்த கிழமையே கிடைத்தது. பாரிசில்தான் பார்க்க ஆளில்லை.

அதற்குப் பிறகு ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால் இராஜேந்திரன்தான் பேசினான். "அவ குளிக்கிறா, மாமி", "அவ வேலைக்குப் போட்டா, மாமி" என்று அவனும் எத்தனை பொய்தான் சொல்வான்? சிவன் கோயிலில் தெரிந்தவர்கள், "அம்மாவைப் பாத்திட்டு வந்தாச்சோ?" என்று கேட்டால், "அவவுக்கு என்னைப் பாக்க விருப்பமில்லை" என்று முகத்திலடித்த மாதிரிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள் கஜந்தினி.

மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. இராஜேந்திரன் எடுத்துப் பேசிவிட்டு, தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னான்.

"கஸ்பரின்ர நம்பர்."

"நான் இல்லை எண்டு சொல்லுங்கோ."

"கதைக்கிறது அவர் இல்லை. ஆரோ வயசான அம்மா ஒராள் உன்னோடை கதைக்கோணுமாம்."

வேண்டா வெறுப்பாக வாங்கினாள்.

"பிள்ளை, நான் கஸ்பரின்ர தாய், பெர்னடெற். முந்தநாள்தான் பாரிசுக்கு வந்து சேர்ந்தனான். அகதியா வந்த இவன் ஊர்ப்பக்கம் வர ஏலாதவன். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில பாத்த இவன்ர முகத்தை இப்பதான் திரும்பப் பாக்கிறன்."

"சந்தோசம் அம்மா," என்றாள் கஜந்தினி.

"என்னைக் கூப்பிடுற கடிதம் எடுக்க இவன் நகரசபைக்குப் போன உடனை, இதுக்கு முதல் கூப்பிட்ட ஆள் சொன்ன நாளுக்குத் திரும்பிப் போனவவோ எண்டுதான் கேட்டவையாம். உன்ர அம்மா வெளிக்கிட முதல் இவன் அவவைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான், பிள்ளை. 'மகள் வருமட்டும் நில்லுங்கோ, வாறதை நான் பாத்துக்கொள்ளுறன்' எண்டு. அவ கேக்கேல்லை."

அந்தக் குரல் தடுமாறியது.

"'நான் என்ர பிள்ளையைப் பாக்க நிண்டால், உன்ர அம்மா தன்ர பிள்ளையைப் பாக்க ஏலாமல் போயிடும், தம்பி' எண்டு சொல்லிட்டுத்தான் பிளேன் ஏறினவவாம்."