வெள்ளைக்கண்ணிக்கு ஒரு பெயர்

"என்ன அம்பலவாணன், இன்னுமா யோசனை? கட்டுரையோட அச்சு ப்ரூஃப் அஞ்சு மணித் தபால்ல போயாகணும்!"

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வினவினார் டாக்டர் நரசிம்மன். லண்டன் கல்லூரி ஒன்றின் பறவை அருங்காட்சியகத்தில், சிறு பாடும் பறவைகளை வகைப்படுத்தும் ஆராய்ச்சியாளர் அவர், பூர்வீகம் கும்பகோணம். எதிரே நின்ற உதவியாளர் 1984ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். இழுப்பறைகளைத் துடைத்து, பதப்படுத்திய பறவைகளை வரிசை குலையாமல் அடுக்கி வைப்பது அவரது பணியாகும்.

"வேண்டாம் எண்டு போன கிழமையே சொன்னனான், டொக்டர். குருவிக்கு உங்கடை பேரையே வையுங்கோ."

"எழுதுறவன் தன் பேரையே வச்சுக்கிட்டா ஊர் சிரிக்கும்! அடுத்தவங்க பேரைத்தான் வைக்கணும், அதுதான் மரபு. நீங்க ஒரு கப் டீக்கே மூணு தரம் வேண்டாம்னு சொல்ற ஆளு. எனக்குத் தெரியாதா?"

உதவியாளர் சிரித்தார்.

மேசையின்மீது மூன்று வெள்ளைக்கண்ணிக் குருவிகள் மல்லாந்து கிடந்தன. கண்ணின் இடத்தில் பஞ்சு. அதைச் சுற்றி மங்காத வெள்ளை வளையம். கால்களில் நூலால் கட்டிய பழைய சீட்டுகள். எண்பது ஆண்டுகளாக வேறோர் இனத்தின் தட்டில் கிடந்த அவற்றின் விலாப்புறம் பழுப்பாக இருப்பதையும், அலகு ஒரு நூலளவு நீண்டிருப்பதையும் முதன்முதலில் கண்டவர் அந்த உதவியாளரே. இது புதிய இனம் என்று டாக்டர் முடிவு கட்ட, மேலும் ஓராண்டு தேவைப்பட்டது.

"பாவம்! எண்பது வருஷம் இன்னொருத்தன் பேர்ல கிடந்திருக்கு" என்றார் டாக்டர். "உயிர் இருந்தா கத்தி ஊரைக் கூட்டியிருக்கும்."

"கத்தியிருக்காது, டொக்டர். இருக்க இடம் கிடைச்சதே போதும் எண்டு பேசாமல் இருந்திருக்கும்."

"இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை! சரி, முடிவைச் சொல்லுங்க. நீங்க மாட்டேன்னா டீன் பேரை வைக்கணும். அந்த மனுஷனுக்குக் காக்காய்க்கும் குருவிக்கும் வித்தியாசம் தெரியாது."

உதவியாளர் ஒரு குருவியின் சீட்டை விரலால் நேராக்கினார்.

"ஒண்டு கேக்கலாமோ? நாளைக்கு வேறை ஆரும் வந்து, இந்தப் பேர் பிழை, இந்த ஆளுக்குத் தகுதியில்லை எண்டு சொன்னால், பேரை எடுத்துப் போடுவினமோ?"

"முடியவே முடியாது. முறையா அச்சேறின பேரை யாரும் அழிக்க மாட்டாங்க. குருவியை வேற கூட்டத்துல சேர்க்கலாம். செல்லாதுன்னு ஒதுக்கக்கூடச் செய்யலாம். ஆனா பேர் பட்டியல்ல கிடக்கும். நீங்களும் நானும் போன பிறகும் கிடக்கும்."

"அச்சடிச்ச ஆளே மனம் மாறினால்?"

"அவனாலயும் முடியாது."

"ஆரின்ரை பேர் எண்டு விளக்கம் எழுதுவியளோ?"

"'யாழ்ப்பாணத்து அம்பலவாணனின் பெயரால்'னு ஒரு வரி போடுவேன். போதுமா?"

உதவியாளர் சன்னலின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஓம், டொக்டர். போடுங்கோ. எழுத்துப் பிழை மட்டும் வரக்கூடாது."

டாக்டர் பெயரை எழுதி, அதன் பின்னால் ஒரு லத்தீன் வாலையும் ஒட்டினார். உதவியாளர் தாளை வாங்கி ஒவ்வோர் எழுத்தாக மூன்று முறை சரிபார்த்தார்.

"வேண்டாம் வேண்டாம்னவர் இப்போ படிக்கிற அழகைப் பாரு!" என்று நகைத்தவாறே டாக்டர் உறையை ஒட்டினார்.

அன்று மாலை செவன் கிங்ஸ் செல்லும் ரயிலில், உதவியாளர் நீல நிற வான்கடிதம் ஒன்றை முழங்காலில் விரித்து எழுதினார்:

"அன்புள்ள அம்மா, ஏழு வருடங்களுக்கு முன், 'என்ரை பிள்ளைதான் இல்லை, நீயாவது போய்த் தப்பு' என்று சொல்லி உங்கள் மகனின் கடவுச்சீட்டை என் கையில் தந்தீர்கள். அவனுக்கென்று ஒரு நினைவுக்கல்லைக்கூட நாட்ட முடியவில்லையே என்று அழுதீர்கள். இன்று அம்பலவாணனின் பெயரை ஒரு குருவிக்கு வைத்துவிட்டோம். இனி அதை எவராலும் அழிக்க இயலாது."

அதன் கீழே, லண்டனில் ஒருவருக்கும் தெரியாத தம் பெயரை அவர் எழுதினார்: யோகராஜா.